சபை கலைந்த பிறகு நடுவில் இருந்தவர்கள்

2022 டிசம்பர் 31ஆம் திகதியோடு என் அரச சேவை முடிந்தது. நாடு முழுவதும் 60 வயது கடந்திருந்த பெரும்பாலான அரச ஊழியர்களுக்கும் அதுதான் கடைசி நாள். அந்த வருடத் தொடக்கத்தில்தான் ஓய்வு வயதை 65 ஆக்கியிருந்தார்கள். ஓகஸ்ட் மாத இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் திரும்பவும் 60க்கு இறக்கிவிட்டார்கள். இன்னும் ஐந்து வருடச் சம்பளம் இருக்கிறது என்று நம்பிக் கடன் எடுத்த சிலரை எனக்குத் தெரியும். அவர்களின் கதை வேறு.

நான் திருகோணமலை மாவட்டத்தின் ஒரு உள்ளூராட்சி சபையில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, நிர்வாக உத்தியோகத்தராக வெளியே வந்தவன். எந்தச் சபை என்பது இங்கே முக்கியமில்லை. மாவட்டத்தில் பதின்மூன்று சபைகள் இருக்கின்றன, நான் சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் ஏறக்குறையப் பொருந்தும்.

நாங்கள் வெளியே வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, 2023 மார்ச் 19 நள்ளிரவோடு உள்ளூராட்சி சபைகளின் ஆயுளும் முடிந்தது. மார்ச் 9 நடக்கவேண்டிய தேர்தல், காசில்லை என்று தள்ளிப்போனது. தவிசாளரும் உறுப்பினர்களும் வீட்டுக்குப் போனார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. பொருளாதார நெருக்கடியில் கணிசமான இளம் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு கட்டாருக்கும் சவூதிக்கும் போனார்கள். புதிய ஆட்சேர்ப்பும் நின்றிருந்தது.

அனுபவசாலிகள் போயாயிற்று, இளையவர்களில் ஒரு பகுதி போயாயிற்று, மக்கள் பிரதிநிதிகளும் இல்லை. மேலே பார்த்தால் கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரிலேயே முடிந்து, ஆளுநரின் கீழ் ஓடிக்கொண்டிருந்தது. 2025 ஜூன் 2ஆம் திகதி புதிய சபைகள் பதவியேற்கும்வரை, இரண்டு வருடத்துக்கு மேல், சட்டப்படி அதிகாரம் செயலாளரிடம் இருந்தது. நடைமுறையில் சபையைத் தூக்கி நிறுத்தியவர்கள் செயலாளருக்குக் கீழும் தொழிலாளிக்கு மேலும் இருந்தவர்கள்: நிர்வாக உத்தியோகத்தர், தலைமை முகாமைத்துவ உதவியாளர், வருமானப் பரிசோதகர், தொழில்நுட்ப உத்தியோகத்தர், வேலை மேற்பார்வையாளர். இவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. தவிசாளரைத் திட்டி எழுதுவார்கள், குப்பை அள்ளுகிறவரைப் பாராட்டி எழுதுவார்கள். நடுவில் இருப்பவர் ஃபோட்டோவிலும் வரமாட்டார்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று நாங்களே எங்களைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். உண்மைதான், ஆனால் அது பாதி உண்மை. இடி வாங்குவது மட்டுமே வேலை என்றிருந்த காலம் போய்விட்டது.

நான் சேர்ந்த காலத்தில் நடுவில் இருப்பவரின் மரியாதை எதில் இருந்தது என்றால், விதிகள் தெரிந்திருப்பதில். தாபன விதிக்கோவையில் எந்த அத்தியாயம், நிதிப் பிரமாணத்தில் எந்த இலக்கம், பிரதேச சபைச் சட்டம் 1987இன் 15ஆம் இலக்கம் என்ன சொல்கிறது, நகர சபைக் கட்டளைச் சட்டம் 1939இன் 61ஆம் இலக்கம் என்ன சொல்கிறது. என்னுடைய முதலாவது பிரதம இலிகிதர் இதையெல்லாம் பக்க இலக்கத்தோடு சொல்வார். சுற்றறிக்கைக் கோப்பு அவருடைய அலுமாரியில், சாவி அவருடைய சட்டைப் பையில். அந்தக் கோப்பைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் தேநீர் குடித்து முடியும்வரை நிற்கவேண்டும். இன்றைக்கு அதே சுற்றறிக்கை எல்லோருடைய ஃபோனிலும் இருக்கிறது. சில வேளை முறைப்பாட்டோடு வருகிறவரே அதைத் திறந்து காட்டுகிறார். (சிங்களப் பிரதி முதலில் வந்துவிடும், தமிழ்ப் பிரதி ஆறுதலாக வரும். இரண்டையும் வாசிக்கத் தெரிந்தவருக்கு எங்கள் கந்தோர்களில் இன்னும் தனி மதிப்பு உண்டு.)

அப்போ விதி தெரிந்ததற்காக ஒருவருக்கு இனி யாரும் எழுந்து நிற்கப்போவதில்லை. வேறு எதற்காக நிற்பார்கள்? சபை இல்லாத காலம் இந்தக் கேள்விக்கு ஒரு பதிலைக் காட்டியது என்று நினைக்கிறேன்.

ஒரு தெருவிளக்கை எடுத்துக்கொள்வோம். உறுப்பினர் இருந்த காலத்தில், விளக்கு எரியாவிட்டால் ஆட்கள் வட்டார உறுப்பினரின் வீட்டுக்குத்தான் போவார்கள். அவர் முற்றத்தில் கதிரை போட்டு இருத்தி, "அடுத்த மாசம் பாப்பம் ஐயா" என்பார். அதில் பாதி முறைப்பாடு அங்கேயே ஆறிவிடும். மிச்சப் பாதி மாதாந்தக் கூட்டத்துக்கு வரும், அங்கே நான்கு உறுப்பினர்கள் சத்தம் போட்டு, கடைசியில் எந்த வீதிக்கு முதலில் என்று ஒரு முடிவு வரும். அழகான முறை என்று சொல்லமாட்டேன். கட்சிக்காரனின் ஒழுங்கைக்கு முதலில் வெளிச்சம் வந்த கதைகள் ஏராளம். ஆனால் "இப்போது முடியாது" என்று சொல்வதற்கும், "இதுதான் முதலில்" என்று சொல்வதற்கும் அங்கே ஒரு ஆள் இருந்தார். அவருக்கு வாக்குப் போட்டிருந்தார்கள், அடுத்த முறை போடாமலும் விடலாம்.

சபை கலைந்ததும் அந்த முற்றம் அப்படியே கந்தோர்க் கருமபீடத்துக்கு வந்துவிட்டது. "தங்கச்சி, எங்கட ரோட்டு லைட் மூண்டு மாசமா எரியுதில்ல" என்று வருகிறவருக்கு ஒரு உத்தியோகத்தர் "அடுத்த மாசம் பாப்பம்" என்று சொல்ல முடியாது. உறுப்பினர் சொன்னால் அது ஆறுதல் வார்த்தை. உத்தியோகத்தர் சொன்னால் அது வாக்குறுதி, அடுத்த மாதம் அதே ஆள் திகதியோடு வந்து நிற்பார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பமும் தருவார், 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும்.

எனக்குக் கீழே வேலை பழகிய ஒரு பிள்ளை இருந்தார், மூதூர்ப் பக்கம். நான் ஓய்வு பெற்ற பிறகு தலைமை முகாமைத்துவ உதவியாளர் வேலை அவருடைய தலையில் விழுந்தது. ஆரம்பத்தில் இரவு எட்டு மணிக்கு ஃபோன் வரும்: "சேர், அந்தக் கடைத்தொகுதி ஒப்பந்தப் பைல் எங்க வச்சீங்க?" பிறகு ஃபோன் குறைந்தது. ஒருநாள் சந்தித்தபோது ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்துக் காட்டினார். தெருவிளக்கு முறைப்பாடுகள். கம்ப இலக்கம், முறைப்பாடு வந்த திகதி, சொன்னவர் யார், இதுவரை கந்தோரில் எல்லோரும் எழுதுவதுதான். கடைசியாக ஒரு நிரல் அவரே கோடு போட்டுச் சேர்த்திருந்தார்: பக்கத்தில் என்ன. "ரியூசன் கொட்டில்." "மதகு, கைபிடி இல்லை." "பள்ளிவாசல், சுபஹுக்கு வயசாளிகள்." "வெறுங்காணி." "ஆஸ்பத்திரி நேர்ஸ் பிள்ளைகள் இரவு ஷிப்ட் முடிஞ்சு வாற பாதை."

அவர் சிவப்புப் பேனையால் எதற்கு வட்டம் போட்டிருந்தார் என்று சொல்லத் தேவையில்லை. பல்ப் வாங்கும் காசு பாதிக்குத்தான் இருந்தது. அந்தப் பாதியை எங்கே மாட்டுவது என்பதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது, கேட்கிற யாருக்கும் அதைத் திறந்து காட்டலாம். யாரும் சொல்லிச் செய்த வேலையல்ல இது, எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. அவருடைய வருடாந்தச் சம்பள ஏற்றப் படிவத்தில் இதை எழுத இடமும் இல்லை. எத்தனை நாள் லீவு எடுத்தார் என்பதற்கு இடம் இருக்கிறது.

2025 ஜூனில் உறுப்பினர்கள் திரும்ப வந்தார்கள். கொப்பியைப் பார்த்த ஒருவர் முகம் சுளித்தாராம். "மதகடிக்கு ஏன் பிள்ள இவ்வளவு? புதுப் பாலம் வந்த பிறகு அதால ஒரு சனமும் போறதில்ல." அவர் சொன்னது சரி. கந்தோரில் இருந்த யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. கொப்பி திருத்தப்பட்டது.

இந்தச் சிறு சம்பவத்தை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "உறுப்பினர்கள் இல்லாதபோதுதான் வேலை ஒழுங்காக நடந்தது" என்று ஒரு பேச்சு எங்கள் கந்தோர் வட்டாரங்களில் இப்போது பலமாக ஓடுகிறது. ஓய்வு பெற்றவர்கள் கூடுமிடத்தில் இன்னும் பலமாக. கூட்டம் இல்லை, கூச்சல் இல்லை, தலையீடு இல்லை, கோப்பு நேராக ஓடியது என்பார்கள். கோப்பு நேராக ஓடியது உண்மைதான், எங்கே போகவேண்டும் என்பதைச் சொல்ல ஆள் இல்லாமல் ஓடியது. 2015 தொடக்கம் 2018 வரையும் பெரும்பாலான சபைகள் இப்படித்தான் கிடந்தன, அப்போதும் இதே பேச்சைக் கேட்டேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. உறுப்பினரின் அறிவையும் கந்தோரின் பதிவையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவதுதான் நடுவில் இருப்பவரின் இன்றைய தொழில். ஒன்றை விரட்டிவிட்டு மற்றதை வைத்துக் காலம் தள்ளுவது சுகமாக இருக்கலாம், அதை நிர்வாகம் என்று சொல்ல முடியாது.

அது லேசும் இல்லை. 2018இல் கலப்புத் தேர்தல் முறை வந்தபோது நாடு முழுவதும் உறுப்பினர் தொகை ஏறக்குறைய இரண்டு மடங்காகி 8,000ஐத் தாண்டியது. பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடும் அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது. முதல் தடவையாக உள்ளே வந்த பல பெண்கள், கூட்டத்தில் வாய் திறப்பதற்கு முன் கந்தோருக்கு வந்து, "சேர், இந்தச் செலவுத் தலைப்பு எண்டா என்ன?" என்று மெதுவாகக் கேட்டார்கள். பழைய ஆண் உறுப்பினர்கள் பத்து வருடம் கேட்காத கேள்விகள் அவை. பாதீட்டை ஒரு சாதாரண ஆளுக்கு அரை மணித்தியாலத்தில் விளங்கப்படுத்துவது எப்படி என்று எனக்கு யாரும் படிப்பித்ததில்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்த்தான் நானே சில தலைப்புகளைச் சரியாக விளங்கிக்கொண்டேன்.

இப்போது என்னைச் சில வேளை வளவாளராகப் பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள். உவர்மலையில் ஒரு மண்டபம், முப்பது பேரளவில் இருப்பார்கள், பத்தரைக்குத் தேநீரும் ரோல்ஸும். விரிவுரை வைத்தால் எல்லோரும் ஃபோனைப் பார்ப்பார்கள் என்பதால் நான் ஒரு முறைப்பாட்டுக் கடிதத்தைக் கொடுத்து, அதன்மேல் குறிப்பு எழுதச் சொல்வேன். கடிதம் நானே எழுதியது. ஒரு சந்தியில் மழைத்தண்ணீர் தேங்கி வீட்டுக்குள் வருகிறது, பிள்ளைக்கு டெங்கு வந்து போயிற்று, வாய்க்கால் வெட்டித் தரவும். அவ்வளவுதான்.

பெரும்பாலானோர் எழுதுவது: "தொ.உ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்), தேவையான நடவடிக்கைக்காக." கையொப்பம், திகதி. அழகான கையெழுத்து.

தொழில்நுட்ப உத்தியோகத்தர்களிடம் அதே தாளைக் கொடுத்தால், "செயலாளர், மதிப்பீடு தயாரிக்க அனுமதிக்காக." தண்ணீர் சந்தியில் நிற்கிறது, தாள் இரண்டு மேசைக்கு நடுவில் நடக்கிறது.

அந்தக் கடிதத்தில் நான் ஒளித்துவைத்த விடயம் ஒன்று உண்டு. சந்தியில் இரண்டு வீதிகள் சேர்கின்றன. 'ஏ', 'பி' தர வீதி என்றால் அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் சொத்து. 'சி', 'டி' என்றால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். மிச்ச ஒழுங்கைகள்தான் எங்களுடையவை. எங்கள் வாய்க்காலை எவ்வளவு ஆழமாக வெட்டினாலும், பெரிய வீதியின் கீழே போகும் மதகு அடைத்திருந்தால் தண்ணீர் திரும்பி வரும். திருகோணமலையில் இதற்கு மேலேயும் உண்டு: துறைமுக அதிகார சபைக் காணி, கடற்படைக் காணி, கரையோரப் பாதுகாப்பு எல்லை, வனப் பகுதி. ஒரு வாய்க்கால் கடலுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஐந்து எசமான்களைக் கடக்கும்.

ஆகவே நடுவில் இருப்பவர் அந்தக் கடிதத்தைக் கண்டதும் செய்யவேண்டியது, எழுதுவதற்கு முன் ஒரு ஃபோன் எடுப்பது. மாகாணத் திணைக்களத்தில் தனக்குச் சமமான மேசையில் இருப்பவரின் பெயரும் இலக்கமும் அவரிடம் இருக்கவேண்டும். அவரோடு இதற்கு முன் ஒரு தேநீராவது குடித்திருக்கவேண்டும். மேலதிகாரி மேலதிகாரிக்குக் கடிதம் எழுதி, பதில் வந்து, கூட்டு விஜயம் வைத்து முடிவதற்குள் ஒக்டோபர் மழை வந்துவிடும். டெங்கு என்ற சொல்லும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. 2017 மார்ச்சில் கிண்ணியா பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. அந்த வருடம் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அதே நாளில் தகவல் போகவேண்டும்.

ஒரு பயிற்சியில் ஒரேயொருவர், குச்சவெளிப் பக்கத்து இளைஞர், குறிப்பில் மூன்று வரி எழுதினார். வீதி யாருடையது என்று முதலில் உறுதிப்படுத்தவும். மதகைத் துப்புரவாக்க மண் தோண்டும் பெக்கோ ஒரு நாள் போதும் என நினைக்கிறேன், வாய்க்கால் வெட்டுவதை அதற்குப் பிறகு தீர்மானிக்கலாம். முறைப்பாட்டாளருக்கு வெள்ளிக்கிழமை தொலைபேசியில் அறிவிப்பேன். "அறிவிப்பேன்" என்று தன்னிலையில் எழுதியதைப் பார்த்து மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். அரச குறிப்பில் 'நான்' வரக்கூடாது, 'அறிவிக்கப்படும்' என்றுதான் வரவேண்டும் என்பது அவர்களின் எண்ணம். யார் அறிவிப்பது என்று கேட்டேன். பதில் வரவில்லை. பத்தரைத் தேநீர் வந்தது.

வருமானப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆதன வரியை ஜனவரி 31க்கு முன் முழு வருடத்துக்கும் கட்டினால் 10 சதவீதக் கழிவு. இது எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியப்படுத்துவது வருமானப் பரிசோதகரின் கடமை என்று யாரும் முன்பு நினைத்ததில்லை, நிலுவைக்குச் சிவப்பு அறிவித்தல் கொடுப்பதே கடமை என்று இருந்தார்கள். 2025 பெப்ரவரியில் கவ்பே (GovPay) என்ற இணையவழிக் கொடுப்பனவு முறை வந்து, ஃபோனிலேயே அரச கொடுப்பனவு செய்யலாம் என்றாகிவிட்டது. காசு வாங்கும் கருமபீடத்தின் வரிசை மெல்லக் குறையும். ஆனால் "என்ர வீட்டுக்கு ஏன் இவ்வளவு மதிப்பீடு?" என்று கேட்டு வருகிறவருக்கு ஃபோன் பதில் சொல்லாது.

2020இல் வேலையற்ற பட்டதாரிகள் ஆயிரக்கணக்கில் அரச சேவைக்குள் எடுக்கப்பட்டபோது, சபைகளுக்கும் சிலர் வந்து சேர்ந்தார்கள். மேசை இல்லை, கடமைப் பட்டியல் இல்லை. நடுவில் இருப்பவரிடம், "இவர்களுக்கு ஏதாவது வேலை கொடுங்கோ" என்று தள்ளிவிடப்பட்டார்கள். பட்டம் பெற்றவருக்குத் தபால் பதிவேட்டைக் கொடுத்து உட்கார வைத்தவர்களும் உண்டு. புவியியல் படித்த ஒரு பிள்ளையைக் கொண்டு சபைக்குச் சொந்தமான ஒழுங்கைகள் முழுவதையும் ஃபோனில் ஜிபிஎஸ் போட்டு நடந்து அளந்து எடுத்தவரும் உண்டு. ஆள்களை மதிப்பிடத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம்தான். எங்கள் வினைத்திறன் காண் தடைதாண்டல் பரீட்சையில் இதற்கு ஒரு வினா வந்து நான் பார்த்ததில்லை.

வேலை மேற்பார்வையாளரைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது. முகாமைத்துவம் என்ற சொல்லையே பாவிக்காத முகாமையாளர் அவர். என் வீடு நகரத்துக்குள், அதனால் அவர்களின் வேலையை விடியற்காலையில் பார்ப்பேன். எங்கள் ஊரில் புள்ளிமான்கள் பிரெட்றிக் கோட்டைப் பக்கத்திலிருந்து கடைத்தெருவரை சுதந்திரமாகத் திரியும். சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுப்பார்கள். கடைக்காரர்கள் இரவே குப்பைப் பையை வெளியே வைத்தால், மான் பையைக் கிழித்து, சாப்பாட்டோடு பொலித்தீனையும் தின்றுவிடும். வண்டி மான்களுக்கு முன் வரவேண்டும். எந்தத் தொழிலாளி எத்தனை மணிக்கு எழும்புவார், யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல், யாரை யாரோடு ஒரு வண்டியில் ஏற்றக்கூடாது, எந்தக் கடை முதலாளியிடம் கோபமாகவும் எவரிடம் "நானா, கொஞ்சம் பிந்தி வையுங்கோ" என்றும் சொல்லவேண்டும் என்பதெல்லாம் ஒருவருடைய தலைக்குள் இருக்கிறது. இப்போது அவர் வேலைக்கு முன் ஒரு படம், வேலைக்குப் பின் ஒரு படம் வாட்ஸ்அப் குழுவில் போடவேண்டும். போடுகிறார். மேலே இருப்பவர்கள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார்கள். அவர் ஓய்வு பெறும் அன்று அந்தத் தலைக்குள் இருப்பது எங்கே போகும் என்று யாராவது கேட்டார்களா தெரியாது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் மழையில் மகாவலி பெருகி, மாவிலாறு அணைக்கட்டும் உடைத்து, மூதூர், வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கங்கள் வெள்ளத்தில் கிடந்தபோது இந்த நடு ஆட்களை இன்னொரு கோலத்தில் பார்த்தேன். பெக்கோ ஒன்றை வாடகைக்கு எடுக்கவேண்டும். சாதாரண நாளில் விலை கோரி, ஒப்பிட்டு, குழு கூடித்தான் எடுக்கலாம். அவசரத்தில் விதிவிலக்கு உண்டு, ஆனால் பிறகு ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்காய்வு ஐயவினா வரும். அந்தப் பயத்தில் ஃபோனை எடுக்காமல் இருந்துவிடலாம், யாரும் குற்றம் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் வாய்மொழி அனுமதியோடு இயந்திரத்தை இறக்கினார். ஒவ்வொரு இடத்திலும் வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் மணித்தியால மீற்றரைப் படம் எடுத்தார். அடியில் இடத்தின் பெயரை எழுதி, பக்கத்தில் நின்ற கிராம அலுவலரின் கையொப்பத்தைச் சிகரெட் பெட்டி அட்டையின் பின்புறத்தில் வாங்கிக்கொண்டார். நனைந்த அந்த அட்டைகளைக் காயவைத்து, கோப்பில் ஒட்டி, இலக்கமிட்டிருக்கிறார். துணிவும் பதிவும் ஒரே ஆளிடம் இருந்தன. நான் சேவையில் இருந்த காலத்தில் துணிந்தவர்களுக்குப் பதிவு வராது, பதிவு வைப்பவர்களுக்குத் துணிவு வராது.

அடுத்த பயிற்சிக்கு நான் ஒரு யோசனை கொடுத்திருக்கிறேன். மண்டபமும் ரோல்ஸும் வேண்டாம், இரண்டு நாளைக்கு ஆட்களை மாற்றிப் போடுங்கள். கந்தளாயில் இருப்பவர் மூதூர்க் கருமபீடத்தில் இருக்கட்டும், மூதூரார் கந்தளாய்க்குப் போகட்டும். ஒருவருக்குத் தமிழ் தட்டுத்தடுமாறி வரும், மற்றவருக்குச் சிங்களம் தட்டுத்தடுமாறி வரும். இரண்டாம் மொழிச் சான்றிதழ் இருவரிடமும் இருக்கிறது, முறைப்பாட்டோடு வருகிற கிழவியிடம் அதைப் பாவித்துப் பார்க்கட்டும். எல்லோருக்கும் யோசனை பிடித்தது. பிரயாணப்படியை அனுப்புகிற சபை கொடுப்பதா, ஏற்கிற சபை கொடுப்பதா என்பதில் கடிதம் நிற்கிறது. யாருடைய மேசையில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை ஃபோன் எடுக்கப்போகிறேன்.